நட்சத்திரம் இல்லாத வீடு

போன வாரம் என் கதையை ரத்னகிரித் துறைமுகத்தில் நிறுத்தியிருந்தேன். படகுக்காரனோடு சண்டை, உள்ளங்கையில் கொக்கி ஏறிய காயம், திரும்பி வர ரயிலில் கழிப்பறை ஓரம் கிடைத்த இடம். அதெல்லாம் போதும். இந்த வாரம் ஊருக்கு வந்துவிடுகிறேன்.

வளைவில் நின்றது

பனச்சமூட்டில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். எந்த வருடம் என்று அடித்துச் சொல்ல வரவில்லை. டிசம்பர் மாதம் என்பது நிச்சயம். சந்தை கலைந்து, மரச்சீனிக் கிழங்கிலிருந்து உதிர்ந்த மண் ரோட்டில் அப்பிக் கிடந்தது. எங்கேயோ ரப்பர் ஷீட் புகையில் காயும் வாடை.

என் அக்கா செலின் அந்தப் பக்கம்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். நாங்கள் கடற்கரைக்காரர்கள், லத்தீன் கத்தோலிக்கர். அத்தான் தங்கராஜ் மலையோரத்து ரப்பர் வெட்டுகாரர். கடலிலிருந்து மலைக்குப் பெண் கொடுத்ததை அப்பா பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவளுக்கு ஈரம் படாத வீடு கிடைத்துவிட்டது என்பார்.

அக்கா வீட்டுக்கு ஓர் இடைவழி. இரண்டு பக்கமும் வீட்டு முகப்புகளில் நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. மூங்கில் கீற்றை வளைத்துக் கட்டி, மைதாப் பசையில் வர்ணத்தாள் ஒட்டி, உள்ளே பல்பு தொங்கவிட்ட நட்சத்திரங்கள். கிறிஸ்தவ வீடு, இந்து வீடு என்ற வித்தியாசம் அங்கே கிடையாது. டிசம்பர் வந்தால் எல்லோரும் கட்டுவார்கள்.

வழி ஓரிடத்தில் வளையும். அந்த வளைவில் நின்றால் அக்கா வீட்டு முற்றத்துப் பிலாமரம் தெரியும். அதன் கிளையில் அத்தான் கட்டும் நட்சத்திரம்தான் அந்த வழியிலேயே பெரியது. ஓர் ஆள் உள்ளே உட்காரலாம்.

அன்று கிளையில் ஒன்றும் இல்லை. வீட்டு முகப்பிலும் இல்லை. உள்ளே எங்கோ ஒரு விளக்கு மட்டும்.

எங்கள் பக்கத்தில், டிசம்பரில் நட்சத்திரம் கட்டாத கிறிஸ்தவ வீடு என்றால் எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். அந்த வருடத்துக்குள் அங்கே ஒரு சாவு விழுந்திருக்கிறது. துக்க வீட்டில் நட்சத்திரம் கட்டமாட்டார்கள். பலகாரம் சுட எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். கேரல் பாடுகிறவர்கள் கூட அந்த வாசலில் கொட்டு அடிப்பதை நிறுத்திவிட்டுக் கடந்து போவார்கள்.

நான் ஊரை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கடிதம் எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. எனக்கு எழுத அவர்களுக்கு ஒரு முகவரியும் இல்லை. அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர். பிள்ளைகள் இல்லை. ஆக, அத்தானா, அக்காவா என்பது மட்டும்தான் கேள்வி.

மேலே ஓர் அடி வைக்க முடியவில்லை. திரும்பி, வந்த வழியே நடந்தேன்.

முக்கில் சுகுமாரன் அண்ணனின் சாயக்கடை. சபரிமலைக்கு மாலை போட்டு, கறுப்பு வேட்டியில் இருந்தார். அந்த மாதத்தில் அவரை எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும்தான். அவர் கடை முகப்பிலும் ஒரு சிவப்பு நட்சத்திரம் தொங்கியது.

"சாமி" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஆரு, செலினுக்க தம்பியா? எலே, நீ உயிரோட உண்டா?"

"அக்கா வீட்டுல ஆரு செத்தது?"

"எங்க?"

"நட்சத்திரம் காணல்ல."

அவர் கையிலிருந்த கிளாசைக் கீழே வைத்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார்.

"ஆரும் சாவல்ல மக்கா. அங்க கர்த்தர் வந்தாரு. நட்சத்திரம் போச்சு."

எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு சாயாவை நீட்டினார். "குடிச்சிட்டுப் போ. மொகம் வெளுத்துக் கெடக்கு. உன்னைக் கண்டா அக்கா பயந்து போவா."

பிலாமரத்தில் கிடந்த தழும்பு

அக்கா வாசலில் நின்று என்னைப் பார்த்து அழுதாள். பிறகு கையைப் பிடித்துப் பார்த்து, காயத்தைக் கண்டு திட்டினாள். காதில் கம்மல் இல்லை. அம்மா சாகும்போது அவளுக்குக் கொடுத்த கம்மல் அது. அத்தான் வெள்ளைச் சட்டையில் உள்ளேயிருந்து வந்து, "ஸ்தோத்திரம் அளியா" என்றார். அளியன் என்றால் எங்கள் பக்கத்தில் மைத்துனன். அவர் வாயில் முன்பெல்லாம் வரும் சாராய வாடை வரவில்லை.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கேரல் குழுவில் கொட்டு அடிப்பதில் அவருக்கு நிகரில்லை. டிசம்பர் பிறந்தால் கொட்டு தோளில் ஏறும். கொட்டோடு குப்பியும் ஏறும். ஒவ்வொரு வாசலிலும் பாட்டு, பாட்டு முடிந்தால் தோட்டத்து ஓரம் ஒரு கிளாஸ். இயேசு பிறக்கும்போது அத்தான் முற்றத்தில் பிலாமரத்தடியில் கிடப்பார். எழுந்தால் அக்காவுக்கு அடி விழும்.

நான் அங்கே இல்லாத காலத்தில், காரக்கோணத்துக்குப் பக்கத்தில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கு யாரோ அவரைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். அக்காவும் எடுத்தாள். குப்பி போனது, கொட்டு போனது, கம்மல் போனது. கிறிஸ்மசும் போனது. அவர்கள் சபையில் நகை போடுவதில்லை, அந்த நாளைக் கொண்டாடுவதும் இல்லை.

"வேதத்துல தேதி உண்டா அளியா?" என்று சாப்பிடும்போது கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். "மாட்டுத் தொழுவம் உண்டு. ஆட்டிடையன் உண்டு. டிசம்பர் உண்டா? எனக்கு எல்லா நாளும் அவரு பிறந்த நாளாக்கும். ஒரு நாளைத் தனியா எடுத்தா, அந்த நாளுல நான் என்ன ஆவேன்னு எனக்குத் தெரியும்."

அவர் எழுந்து போனபின் அக்கா என் தட்டில் இன்னும் கொஞ்சம் கிழங்கு வைத்தாள்.

"உனக்கு வருத்தம் இல்லியா அக்கா?" என்றேன்.

"எதுக்கு? நட்சத்திரம் தொங்கின காலத்துல நான் அந்த முற்றத்துல விழுந்து கெடந்திருக்கேன். இப்பம் மூணு நேரமும் அடுப்பு எரியுது. எனக்கு நட்சத்திரம் வேண்டாம்."

பிறகு கிழங்குப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள். "அப்பா மட்டும் வரணும். ஒருக்கா வந்து, இங்க இருந்து ஒரு வாய் தின்னணும். அது போதும்."

முன்பெல்லாம் ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் அப்பா கடற்கரையிலிருந்து மீனோடு வருவார். அத்தான் குடித்துக் கிடந்தாலும் வருவார், உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். அக்கா சபைக்குப் போனதிலிருந்து வருவதை நிறுத்திவிட்டார். நட்சத்திரம் இல்லாத வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"அடிச்ச காலத்துல வந்து தின்னாரு," என்றாள் அக்கா. "அடி நிண்ணப்பம் வரல்ல."

மறுநாள் காலையில் பிலாமரத்தைப் பார்த்தேன். நட்சத்திரம் கட்டிய கயிறு வருடா வருடம் அறுத்த இடத்தில் கிளையில் ஒரு தழும்பு இருந்தது. அதிலிருந்து பால் வடிந்து கறுத்துக் காய்ந்திருந்தது.

கரண்டு போகும்போது

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அந்த ஊர்களில் ரோட்டுக்கு ஒரு பக்கம் கேரளம், மறு பக்கம் தமிழ்நாடு என்று இருக்கும். அந்த நாட்களில் கேரளத்தில் தினம் அந்தியில் அரைமணி நேரம் கரண்டு நிறுத்துவார்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்குத் தோன்றும்போது போகும். ஆகவே ஒரு பக்கத்து நட்சத்திரங்கள் அணைந்து கிடக்கும்போது மறு பக்கத்தில் எரிந்துகொண்டிருக்கும். இருட்டுப் பக்கத்துக்காரர்கள் எதிர்ப்பக்க வெளிச்சத்தில் உட்கார்ந்து பீடி சுருட்டுவார்கள்.

டிசம்பரில் அங்கே மீன் விற்கிறவளுக்குக் கஷ்டம். மாலை போட்ட சாமிமார் மீன் தொடமாட்டார்கள். கத்தோலிக்கரில் பலர் கிறிஸ்மசுக்கு முந்திய நோன்பில் இருப்பார்கள். அவள் கூடையை இறக்கி வைத்து, "எல்லாரும் சொர்க்கத்துக்குப் போனா நான் எங்க போவேன்?" என்று கேட்டது நினைவிருக்கிறது. அந்த மாதம் அவளுக்கு ஒழுங்காக வாடிக்கை கொடுத்தது பெந்தெகொஸ்தேக்காரர்கள்தான். அவர்களுக்கு நோன்பும் இல்லை, மாலையும் இல்லை.

நான் பல ஊர்களில் கிறிஸ்மசைக் கழித்திருக்கிறேன். ஒரு தடவை குஜராத் கடலில், மத்தி மீன் குவியலுக்கு மேலே படுத்துக்கொண்டு. ஒரு தடவை ஒரு ரயில் சந்திப்பில், தேதி தெரியாமலே கடந்து போனது. கொண்டாடாமல் இருப்பது பெரிய விஷயம் இல்லை. ஆனால் கொண்டாடுகிறவர்கள் நடுவில் ஒரு வீடு மட்டும் இருட்டாக இருப்பது வேறு. அதை அந்த வளைவில் நின்றபோது தெரிந்துகொண்டேன்.

வலை நூல்

அப்பாவைப் பார்க்கக் கிளம்பினேன். காரக்கோணம் வழியாகப் பாறசாலைக்கு ஒரு பஸ். அங்கிருந்து கடற்கரைக்கு இன்னொன்று. வீட்டு முற்றத்து மணலில் அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வந்தியா. எங்க இருந்தே?"

"ரத்னகிரி."

"அங்க மீன் உண்டா?"

"உண்டு."

"பின்ன ஏன் வந்தே?"

அவ்வளவுதான் வரவேற்பு. ஆனால் என் கையைக் கவனித்துவிட்டார். உள்ளே பார்த்து, "திரேசம்மா, இவனுக்கு வெந்நி வை" என்றார். திரேசம்மா என் மாமி, அப்பாவின் தங்கை. புருஷன் கடலில் போனபிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அம்மா செத்தபின் அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவளால்தான்.

வராந்தா மூலையில் அப்பா குடில் கட்டியிருந்தார். கடற்கரை மணல், பழைய ஓலை, மிதவைக் கட்டையில் செதுக்கிய ஆடுகள். மாதாவும் சூசையப்பரும் இருந்தார்கள். நடுவில், தீவனத்தொட்டிக்குப் பதில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. அது குழந்தை இல்லாமல் காலியாக இருந்தது. பாலன் சொரூபத்தைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருப்பார். இருபத்துநான்காம் தேதி நடுச்சாமப் பூசை முடிந்து வந்துதான் எடுத்து வைப்பார்.

திருவருகைக் காலத்தில் எங்கள் பங்கில் ஒரு பழக்கம் உண்டு. ஆசைப்பட்டது ஒன்றை விடும்போதெல்லாம் தொட்டிலில் ஒரு வைக்கோல் போடவேண்டும். குழந்தை வரும்போது படுக்கை மெத்தென்று இருக்கவேண்டும் அல்லவா? எங்கள் துறையில் வயல் கிடையாது. வைக்கோலுக்கு எங்கே போவது? அறுந்த வலை நூலைப் போடுவோம்.

சிரட்டையில் நூல் நிறைந்து விளிம்புக்கு மேலே எழும்பி நின்றது.

"இவ்வளவு எதை விட்டிய?" என்று கேட்டேன்.

"பீடி" என்றார் அப்பா.

சமையலறையில் மாமி என் கையை வெந்நீரில் கழுவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "பீடிக்கு இவ்வளவு நூல் வருமா மக்கா? மிக்க நாளும் கடலுல இருந்து வந்தா, நல்ல மீனா ஒண்ணை எடுத்து இலையில பொதிவாரு. பஸ் நிக்க எடம் வரைக்கும் போவாரு. பிறகு திரும்பி வந்து, மீனை எனக்க கையில தந்துட்டு, ஒரு நூலை அறுத்து சிரட்டையில போடுவாரு. நான் கண்டதா காட்டிக்கிடமாட்டேன்."

மாமி சொன்ன முறை

சாப்பிட்டு முடிந்ததும் விஷயத்தை எடுத்தேன். அக்கா கேட்டது இவ்வளவுதான், அப்பா போய் ஒரு வாய் சாப்பிடவேண்டும், என்றேன்.

அப்பா வலை ஊசியை விடவில்லை. "எலே, நட்சத்திரம் இல்லாத வீடு செத்த வீடாக்கும். அங்க போயி நான் என்னத்தக் கொண்டாட?"

"நானும் அப்பிடித்தான் நெனைச்சேன்."

"எப்பிடி?"

"செத்த வீடுன்னு. பஸ் எறங்கிப் போனேன். வளைவுல நிண்ணு பாத்தா இருட்டு. அக்காவா, அத்தானான்னு தெரியல்ல."

ஊசி நின்றது. "பின்ன?"

"கால் ஓடல்ல. திரும்பி சாயக்கடைக்குப் போயிட்டேன்."

"நேரே போயிப் பாக்கல்லியா?"

"அக்காதான்னு மனசுல விழுந்திட்டு. போவத் தைரியம் இல்ல."

அப்பா நூலை இழுத்துப் பல்லால் கடித்தார். அது அறவில்லை. மறுபடி கடித்தார்.

மாமி கதவுக்கு அந்தப் பக்கம் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமலே பேசினாள். "செத்த வீடுன்னா செத்த வீட்டு முறை செய்யணும் அண்ணா. முதல் கிறிஸ்மசுக்குப் பிறந்த வீட்டுல இருந்து பலகாரமும் கறியும் போவணும். அவிய அடுப்புல எண்ணெ வைக்கக் கூடாதுல்லா. நாம கொண்டு போயி, முதல் வாய் நாம குடுக்கணும். இப்பம் ரெண்டு கிறிஸ்மஸ் போச்சு. ஒண்ணும் போவல்ல. குறை நம்ம பக்கமாக்கும்."

"அங்க ஆரு செத்தா, நீ பலகாரம் கொண்டு போவ?"

"அதை எனக்கிட்ட ஏன் கேக்கிய? செத்த வீடுன்னு சொன்னது நீங்கதானே."

முறம் மறுபடி ஓசை போட்டது. அப்பா வலையைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் விடிந்து வெகு நேரம் கழித்து, கடலிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டே கேட்டார். "முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்தாச்சா?"

"இல்ல. எவ்வளவுக்கு வறுக்க?"

"ரெண்டு வீட்டுக்கு" என்றார்.

கறி ஆறிப்போகிறது

கிறிஸ்மஸ் அன்று காலை நானும் அப்பாவும் கிளம்பினோம். முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் ஒரு தகர டப்பாவில். மாமி வைத்த மீன் கறி வாய்கட்டிய மண்சட்டியில். சட்டியை அப்பா மடியில் வைத்துக்கொண்டார். பஸ் குலுங்கும்போதெல்லாம் அதைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டார்.

துக்க வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போவதில்லை. ஆகவே அக்காவுக்குத் தெரியாது. சாயக்கடையைக் கடக்கும்போது சுகுமாரன் அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஓ, வந்தாச்சா?" என்று மட்டும் கேட்டார். வளைவு வந்ததும் அப்பா நின்றார்.

"இங்கயா நிண்ணே?"

"ஆமா."

அங்கிருந்து பிலாமரத்தைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்தார். துக்க வீட்டுக்குள் தோளில் துண்டோடு நுழைவதில்லை.

அத்தான் அன்றும் ரப்பர் வெட்டப் போயிருந்தார். மற்ற நாளைப் போல ஒரு நாள் என்பதால். அப்போதுதான் வந்து, கையில் ஒட்டிய ரப்பர் பாலை உரித்துக்கொண்டு நின்றார். அப்பா யாரையும் கூப்பிடவில்லை. முற்றத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டியைப் பக்கத்தில் வைத்தார்.

அக்கா வெளியே வந்தாள். துண்டு தோளில் இல்லை, சட்டியின் வாய் கட்டியிருக்கிறது, டப்பா என் கையில். எல்லாவற்றையும் பார்த்தாள். துக்க வீட்டில் வருகிறவரை வாங்க என்று சொல்லக் கூடாது. அவள் கடற்கரையில் வளர்ந்தவள். வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள்.

"ஸ்தோத்திரம் மாமா" என்றார் அத்தான்.

"ம். துக்கம் விசாரிக்க வந்தேன்."

"ஆருக்க துக்கம்?"

"நட்சத்திரம் காணல்ல. அதனால வந்தேன்."

இங்கேதான் எல்லாம் கெட்டுப்போகும் என்று நினைத்தேன். அத்தான் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அதை நான் அவுத்ததாக்கும் மாமா. அது மேல கெடந்தா நான் அதுக்கக் கீழ கெடப்பேன். ரெண்டுல ஒண்ணுதான் முடியும்."

அப்பா தரையைப் பார்த்தார். "நான் கண்டிருக்கேன்," என்றார். "கண்டிட்டுத் தின்னுட்டுப் போயிருக்கேன்."

அப்பா சட்டியின் கட்டை அவிழ்த்தார். அத்தான் டப்பாவைப் பார்த்துத் தயங்கினார். "மாமா, கிறிஸ்மஸ் பலகாரம்னா நான் தொடமாட்டேன். சபையில சாட்சி சொன்னவனாக்கும்."

"கிறிஸ்மஸ் பலகாரம்னு ஆரு சொன்னா? துக்க வீட்டுப் பலகாரமாக்கும் இது."

"அப்பிடின்னா தின்னலாம்" என்றார் அத்தான். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

அக்கா சோறு கொண்டுவந்தாள். அத்தான், "ஜெபிச்சிட்டுத் தின்னலாம்" என்று கண்களை மூடினார். பெந்தெகொஸ்தே ஜெபம் சின்னதாக இருக்காது. நோயாளிகள், யாத்திரைக்காரர், கடலில் போகிறவர்கள், காவலில் கிடப்பவர்கள், திசை தெரியாமல் அலைகிறவர்கள் என்று போனது. கடைசியில் சொன்னது என்னைத்தான் என்று நினைக்கிறேன். அப்பா முதலிலேயே சிலுவை போட்டு முடித்துவிட்டார். ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"கறி ஆறிப்போவுது" என்று முணுமுணுத்தார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தான் கண்ணைத் திறக்காமலே ஆமென் சொல்லி முடித்தார்.

அப்பா சோற்றை மீன் சாற்றில் பிசைந்து, முதல் உருண்டையை அக்கா கையில் வைத்தார். வைக்கும்போது அவளுடைய வெறும் காதைப் பார்த்தார். அடுத்த உருண்டை அத்தானுக்கு. பிறகு தனக்கு. அவள் வீட்டில், அவள் பாத்திரத்தில், அவர் சாப்பிட்டார். அக்கா தன் கையிலிருந்ததைத் தின்னாமல் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் தின்னு மக்கா" என்றார்.

சாப்பிட்டபின் இரண்டு பேரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அத்தான் சொன்னார். "நாங்க அவரு வந்ததைக் கொண்டாடல்ல மாமா. வரப்போறதுக்குக் காத்திருக்கோம். அவரு திரும்பி வருவாரு."

"திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு பங்குச் சாமியாரும் அதைத்தான் சொல்லுவாரு. விழிச்சிருங்கன்னு."

"அப்பிடியா? சொல்லுவாரா?"

"நீ ஒருநாளும் அந்தப் பூசைக்கு நிதானமா வந்திருந்தா கேட்டிருப்பே."

அத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

கிளம்பும் நேரம் வந்தது. துக்க வீட்டில் விடை சொல்வதில்லை. எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போகவேண்டும். வாறேன் என்ற வார்த்தை அங்கே ஆகாது. துக்கம் திரும்பி வந்துவிடும் என்பார்கள். அப்பா எழுந்தார். காலி சட்டியை எடுத்தார். வாசல் வரை நடந்தார். அங்கே நின்று, கக்கத்திலிருந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"வாறேன் மக்கா" என்றார்.

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

தோளில் ஒரு துண்டு

அடுத்த வருடமும் அப்பா துக்கம் விசாரிக்கப் போனார். அதற்கடுத்த வருடமும். டப்பா பெரிதானது. "செத்தது ஆருன்னு இன்னும் தெரியல்லியா பெரியவரே?" என்று சுகுமாரன் அண்ணன் கேட்பாராம். விசாரிச்சிட்டிருக்கேன் என்பாராம் அப்பா. நான் சில வருடம் இருந்தேன், சில வருடம் இல்லை. மங்களூரில் ஐஸ் உடைத்தேன், கோவாவில் பரோட்டா அடித்தேன். அதெல்லாம் வேறு கதை.

தொண்ணூறுகள் முடிவதற்குள் ஒரு மழைக்காலத்தில் அப்பா காய்ச்சலில் போனார். அந்த டிசம்பரில் கடற்கரையில் எங்கள் வீட்டில் நட்சத்திரம் இல்லை. குடில் கட்டவில்லை. மாமி எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். நான் ஊரில் இருந்தேன். தெரு முழுக்க வெளிச்சம், எங்கள் முற்றம் மட்டும் இருட்டு.

கிறிஸ்மஸ் அன்று காலை வாசலில் நிழல் தட்டியது. அக்காவும் அத்தானும். அத்தான் கையில் துணியால் வாய்கட்டிய சட்டி. அக்கா கையில் அந்தத் தகர டப்பா. முந்தின நாள் அவள் அடுப்பில் எண்ணெய் வைத்து அச்சுமுறுக்கு சுட்டிருக்கிறாள். பல வருடங்களுக்குப் பிறகு, கிறிஸ்மஸ் சமயத்தில்.

அத்தான் தோளில் துண்டு போடும் பழக்கம் உள்ளவர் இல்லை. அன்று போட்டிருந்தார். புதுத் துண்டு, மடிப்பு கலையாதது. எங்கள் வாசலுக்கு வந்ததும் நின்று, அதைத் தோளிலிருந்து எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்தார். எடுப்பதற்காகவே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

யாரும் வாங்க என்று சொல்லவில்லை. அவர் மணலில் உட்கார்ந்தார், அப்பா வலை பொத்துகிற இடத்துக்குப் பக்கத்தில். சட்டியைத் திறந்தார். கண்ணை மூடி ஜெபித்தார். மூன்று நான்கு வாக்கியம்தான். அப்பா பெயரைச் சொல்லவில்லை, செத்தவர்களுக்காக அவர்கள் ஜெபிப்பதில்லை. எங்களுக்காக ஜெபித்தார். பிறகு சோற்றைப் பிசைந்து முதல் உருண்டையை மாமி கையில் வைத்தார்.

மாமி வாயில் போட்டு மென்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இண்ணு கறி ஆறல்ல" என்றாள். அத்தானின் நீண்ட ஜெபத்தைப் பற்றி அப்பா அவளிடம் சொல்லிச் சிரித்திருக்கவேண்டும்.

சாப்பிட்டு முடிந்ததும் அக்கா இரண்டு நாள் மாமியோடு இருப்பதாகச் சொன்னாள். அத்தான் எழுந்தார். காலி சட்டியை எடுத்தார். ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல், வாசலைத் தாண்டி நடந்தார். முறை பிசகாமல் செய்தார். நான் கூடவே பஸ் நிற்கும் இடம் வரை போனேன். வழி நெடுக நட்சத்திரங்கள் காற்றில் தாள் படபடக்கத் தொங்கின. அவர் எதையும் பார்க்கவில்லை. என்னோடும் பேசவில்லை.

பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வாறேன் அளியா" என்றார்.